பாதுகாப்பு விசா மறுக்கப்பட்ட பின் தீர்ப்பாயம்: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டனில் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, நீதிமன்றக் கட்டளை என்று தமிழிலும் சிங்களத்திலும் இருப்பதை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பேன். சொப்பிங் பேக்கில் கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கி வரும் அம்மாமார் சிலர் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: "மகன் அவுஸ்திரேலியாவில இருக்கான் தம்பி. விசா ரிஜெக்ட் ஆயிருச்சாம். ஏதோ கோர்ட்டுக்குப் போகணுமாம். என்ன கடுதாசி வேணும்னு கேட்டு அனுப்பச் சொன்னான்."

அந்த 'ஏதோ கோர்ட்' உண்மையில் கோர்ட் இல்லை. அது நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம். 2024 ஒக்டோபர் 14 முதல் இயங்குகிறது. அதற்கு முன் இருந்த நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஏ.ஏ.டி. என்பார்கள்; இப்போதையது ஏ.ஆர்.டி. பழைய வழிகாட்டிகளில் ஏ.ஏ.டி. என்று கண்டால் பழைய விதிகளையும் சேர்த்துத்தான் அவை சொல்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்கறிஞன் அல்ல. அங்கே வழக்கை நடத்துவது பிள்ளையும் அவனுடைய வழக்கறிஞரும். ஆனால் வழக்கில் வைக்கும் கடதாசிகளில் பாதி இங்கே, தோட்டத்தில் இருக்கின்றன. அதனால் அங்கே இருப்பவருக்கும் இங்கே இருப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடிதம் வந்த நாளும் 28 நாள் கணக்கும்

அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களம், அகதிப் பாதுகாப்புக் கேட்பவருக்கான 866 என்ற உபபிரிவுப் பாதுகாப்பு விசாவை மறுத்தால் ஓர் அறிவித்தல் கடிதமும், ஏன் மறுத்தோம் என்று விளக்கும் தீர்மான அறிக்கையும் வரும். தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க, அறிவிக்கப்பட்டதிலிருந்து 28 நாள். வேலை நாள் அல்ல. சனி, ஞாயிறு, போயா, கிறிஸ்மஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். தடுப்பு நிலையத்தில் இருப்பவருக்கு இதைவிடக் குறைவு. இந்தக் கெடுவை நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே கிடையாது. காய்ச்சல், விபத்து, முகவர் சொல்லவில்லை, எதுவும் எடுபடாது.

எப்போது 'அறிவிக்கப்பட்டது' என்பதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். தபால் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கே கிடக்கும், யாராவது கொண்டுவந்து கையில் கொடுத்தால்தான் கடிதம் வந்ததாகக் கணக்கு. அவுஸ்திரேலியச் சட்டத்தில் அப்படி இல்லை. மின்னஞ்சலில் அனுப்பினால் அனுப்பிய நாளின் முடிவிலேயே கிடைத்துவிட்டதாகக் கொள்வார்கள். திறந்தீர்களா, ஸ்பாமில் விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மார்ச் 3 அன்று மின்னஞ்சல் வந்தால் கடைசி நாள் மார்ச் 31. உள்நாட்டுத் தபாலில் அனுப்பினால் கடிதத்தின் திகதியிலிருந்து ஏழு வேலை நாள் கழித்துக் கிடைத்ததாகக் கொள்வார்கள்.

முகவரையோ வழக்கறிஞரையோ கடிதம் பெறும் ஆளாக எழுதிக் கொடுத்திருந்தால், அவருக்குப் போனதே உங்களுக்குப் போனது. எனக்குத் தெரிந்த ஒரு பையனின் முகவர் மறுப்பு மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, அவன் மீதிப் பணம் கட்டவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார். 28 நாள் ஓடிவிட்டது. அவன் அம்மா என் மேசைக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே முகவர் இருந்தாலும் வாரம் ஒருமுறை நீங்களே கேளுங்கள். திணைக்களத்தின் இணையக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும்.

விண்ணப்பம் போடுவது எளிய வேலை. இணையத்தில் போடலாம், அறிவித்தல் கடிதத்தையும் தீர்மான அறிக்கையையும் சேர்க்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது ஆள் அவுஸ்திரேலியாவுக்குள் இருக்க வேண்டும். பாதுகாப்பு வழக்குக்கு முன்கட்டணம் இல்லை. வென்றால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. தோற்றால் 2,000 டொலருக்கு மேல் ஒரு கட்டணம் வரும். எல்லா ஆதாரமும் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் விண்ணப்பம், ஆதாரம் பின்னால். காலத்தோடு போட்டுவிட்டால், முடிவு வரும்வரை அங்கே சட்டப்படி தங்க விடும் தற்காலிக பிரிட்ஜிங் விசாவும் தொடரும்.

இன்னொன்று. ஒருமுறை பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டவர் அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு இன்னொரு பாதுகாப்பு விசா விண்ணப்பம் போடப் பொதுவாகச் சட்டம் விடுவதில்லை. 'இது போனால் புதுசாப் போடலாம்' என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மறுத்த காரணத்தைப் பிரித்துப் படியுங்கள்

தீர்ப்பாயம் புதிதாகத் தொடங்கி முழு வழக்கையும் பார்க்கும். அதிகாரி செய்த தவறை மட்டும் தேடுவதில்லை; அன்றைய நிலையில் இவருக்குப் பாதுகாப்பு தேவையா என்று தானே முடிவெடுக்கும். ஆனாலும் தீர்மான அறிக்கைதான் வழக்கின் வரைபடம். அதை எடுத்து, பென்சிலால் பக்கத்தில் குறியுங்கள்: இந்தப் பந்தியில் நம்பவில்லை, இந்தப் பந்தியில் நம்பினாலும் ஆபத்து இல்லை என்கிறார், இந்தப் பந்தியில் கொழும்பில் போய் இருக்கலாம் என்கிறார்.

இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பதில். 'நம்பவில்லை' என்றால் முரண்பாட்டை விளக்கும் சாட்சியமும் கடதாசியும் வேண்டும். 'ஆபத்து இல்லை' என்றால் நாட்டு நிலைமை பற்றிய அறிக்கைகளும், உங்களைப் போன்ற ஆளுக்கு என்ன நடக்கிறது என்பதும் வேண்டும். 'கொழும்பில் இருக்கலாம்' என்றால், உங்களைத் தேடுபவர் யார், அவர் கை எவ்வளவு தூரம் நீளும் என்று காட்ட வேண்டும். பயம் பொலிசிடமோ இராணுவத்திடமோ என்றால் அவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். பயம் ஊர்ச் சண்டியரிடமோ வட்டிக்குக் கொடுத்தவரிடமோ என்றால் கொழும்பு என்ற கேள்வி பலமாகவே வரும். மலையகப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்வது தீர்ப்பாயத்துக்குத் தெரியாத விஷயமா என்ன?

நேர்காணலின் ஒலிப்பதிவையும் கோப்பின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தன்னைப் பற்றிய தகவலைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. ஒலிப்பதிவை ஒருமுறையாவது முழுக்கக் கேளுங்கள். நீங்கள் தமிழில் சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னதும் ஒன்றா என்று பாருங்கள். அதைப் பற்றி விசாரணைப் பகுதியில் மறுபடி வருகிறேன்.

சட்டம் கேட்பது என்ன, மலையகத்தவர் காட்டுவது என்ன

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி அகதி என்பவர் இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருத்தல், அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒன்றின் காரணமாகக் கடுமையான தீங்குக்கு உண்மையான வாய்ப்பு உள்ளவர். 'உண்மையான வாய்ப்பு' என்றால் ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தமில்லை. 1989இல் சான் என்பவரின் வழக்கில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், வாய்ப்பு அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும், வெறும் கற்பனையாக இருக்கக்கூடாது என்றது. இந்த ஐந்துக்குள் வராவிட்டாலும், திரும்பிப் போனால் சித்திரவதை, உயிர்ப்பறிப்பு, இழிவாக நடத்தப்படுதல் போன்ற தீங்கு நேரும் உண்மையான அபாயம் இருந்தால் துணைப் பாதுகாப்பு என்ற இரண்டாவது வழி உண்டு. தீர்ப்பாயம் இரண்டையும் பார்க்கும்.

இங்கே மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வரும் வாக்குமூலங்களில் பாதி சம்பளத்தைப் பற்றியது. நாள் சம்பளம் போதாது, லயம் ஒழுகுகிறது, அப்பாவின் சேமலாப நிதி வரவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் வறுமை மட்டும் அகதி நிலையைத் தராது. சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது: உயிர்வாழும் திறனையே அச்சுறுத்தும் பொருளாதார நெருக்கடி, அடிப்படைச் சேவை மறுப்பு, பிழைப்புக்கு வழி மறுப்பு இவையும் கடுமையான தீங்காகலாம். ஆனால் அது அந்த ஐந்து காரணங்களில் ஒன்றால் நேர வேண்டும். 'தோட்டத்தில் எல்லாருக்கும் கஷ்டம்' என்று எழுதினால் அந்த வாசல் மூடிக்கொள்ளும். 'தமிழன் என்பதால், சங்கத்தில் முன்னின்றதால் என்னை வேலையில் இருந்து நிறுத்தினார்கள், சுற்றுவட்டத்தில் வேறெங்கும் சேர்க்கவில்லை' என்பது வேறு விஷயம். அது நடந்திருந்தால் மட்டுமே எழுதுங்கள்.

அடுத்தது வன்னித் தொடர்பு. 1977, 1981, 1983 கலவரங்களில் மலையிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. யுத்தம் அவர்களை அங்கேயும் பிடித்தது. மலையகத்தில் இருந்தவர்களும் சோதனைச்சாவடிகளில் நிறுத்தப்பட்டார்கள், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார்கள். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ்க் கைதிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. இவையெல்லாம் பின்னணி. ஆனால் தீர்ப்பாயம் பார்ப்பது முன்னோக்கி: இவர் நாளை திரும்பினால் என்ன ஆகும்? குடும்பத்தில் யார் எப்போது எங்கே பிடிபட்டார், விடுதலையான பின்னும் யார் தேடி வந்தார், கடைசியாக எந்த மாதம் வந்தார் என்று அன்று முதல் இன்று வரை ஒரு கோடு இழுத்துக் காட்ட வேண்டும். கடைசிச் சம்பவம் பதினைந்து வருடத்துக்கு முன் என்றால், இன்றைக்கும் ஏன் பயம் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

மலையகத்தவருக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. 1948இல் குடியுரிமை போனது, 1964 ஒக்டோபரில் எங்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தார், ஆனால் போகவில்லை. இப்படி எத்தனை வீடுகளில்! பேரன் வாக்குமூலத்தில் 'எங்கள் குடும்பம் இந்தியப் பிரஜைகள்' என்று எழுதிவிடுகிறான். வேறொரு நாட்டில் நுழைந்து வாழும் உரிமை ஒருவருக்கு இருந்தால் அவுஸ்திரேலியா பாதுகாப்புக் கொடுக்கத் தேவையில்லை என்று சட்டம் சொல்வதால், இந்த ஒரு வாக்கியம் தேவையில்லாத கேள்விகளைக் கிளப்பும். வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்துக் கடதாசிகள், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தில் பெற்ற சான்று எது இருந்தாலும் தேடி எடுங்கள். உங்கள் பிரஜாவுரிமை எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இங்கே திரட்ட வேண்டியவை

முதலில் பெயர். தோட்டத்துப் பெயர் எழுத்துகள் எவ்வளவு குழப்பமானவை என்று வெளியாட்களுக்கு விளங்காது. போன மாதம் ஒரு கடதாசிக் கட்டில் பார்த்தேன்: பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் பெரியசாமி, அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது பெரியசமி, மகனுடைய கடவுச்சீட்டில் பெரியசாமி என்பதன் இன்னொரு ஆங்கில எழுத்துக்கூட்டல், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் வெறும் 'சாமி'. பொலிஸ் முறைப்பாட்டிலோ பி. சாமிநாதன். பிரதியெடுத்த பொலிஸ்காரர் எங்கிருந்து 'நாதனை'ப் பிடித்தாரோ! முறைப்பாடு கொடுத்தவர் இந்தத் தகப்பன்தானா என்ற சந்தேகம் வர இதுவே போதும். செய்ய வேண்டியது: சமாதான நீதவான் முன்னால் தகப்பன் ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். அதில் எல்லா வடிவங்களையும் அப்படியே வரிசையாக எழுதி, எல்லாம் நானே என்று சொல்ல வேண்டும். கிராம உத்தியோகத்தர் சான்று கொடுத்து, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து பொலிஸ் முறைப்பாடு, நம் பேச்சில் 'எண்ட்ரி'. நிலையத்தில் பிரதி கேட்டு வாங்கலாம். வாங்கியதும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மலையகத்தில் அப்பா தமிழில் சொல்வார், பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதுவார், அப்பா படிக்க முடியாத கடதாசியில் கையெழுத்துப் போடுவார். தமிழிலும் முறைப்பாடு கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது என்பது ஏட்டில். நான் மொழிபெயர்த்த ஒரு பிரதியில் மகனை அடித்தவர்களின் பெயர்களை அம்மா சொல்லியிருந்தும் 'அடையாளம் தெரியாத இருவர்' என்று இருந்தது. நாளும் இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. மகன் அவுஸ்திரேலியாவில் பெயர்களோடு சொன்னான். அதிகாரிக்கு அது முரண்பாடு. மொழிபெயர்ப்பில் அதைத் திருத்த எனக்கு உரிமை கிடையாது. இருப்பதை இருக்கிறபடிதான் எழுதுவேன். எந்த மொழியில் சொன்னார், யார் எழுதினார், வாசித்துக் காட்டினார்களா என்று அம்மா தனியாகச் சத்தியக்கடதாசியில் சொன்னால்தான் அந்த முரண்பாட்டுக்கு விளக்கம் கிடைக்கும்.

மற்றவை சுருக்கமாக: ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால் டயக்னோசிஸ் காட். வழக்கு நடந்திருந்தால், பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பி அறிக்கையும் வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் பதிவு இலக்கம். தோட்டத்தில் வேலை நிறுத்தப்பட்டிருந்தால் நிர்வாகம் கொடுத்த கடிதம். காயத்தின் படங்கள் இருந்தால், எடுத்த ஃபோனை விற்றுவிடாதீர்கள்; எடுத்த திகதி அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் கவனம். அவுஸ்திரேலியாவில் செய்தால் நாட்டி என்ற அமைப்பின் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள். இங்கே செய்தால் மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், விலாசம், தொலைபேசி, தகுதி ஆகியவை ஆங்கிலத்தில் கீழே இருக்க வேண்டும். மூலப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். அசலை வாட்ஸ்அப்பில் மங்கலாகப் படம் எடுத்து அனுப்பாமல் ஸ்கேன் செய்யுங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் கடைகள் இருக்கின்றன. அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது கசப்பான விஷயம். ஊரில் 'கடிதம் எழுதித் தருகிறேன்' என்று பணம் வாங்கும் ஆட்கள் உண்டு. அரசியல்வாதி, ஆலயத் தலைவர், சமாதான நீதவான் என்று மூன்று பேரின் கடிதங்களும் ஒரே வாக்கியத்தில், ஒரே எழுத்துப்பிழையோடு வரும். தீர்ப்பாய உறுப்பினர் இப்படிப்பட்டதை நிறையப் பார்த்தவர். உண்மையான ஒரு கடிதத்தின் பலத்தையும் இவை சேர்த்தே கெடுக்கும். போலிப் பத்திரம் அதைவிட மோசம்: அடையாளத்தைப் பற்றிய போலி ஆவணம் கொடுத்து, நியாயமான காரணம் சொல்ல முடியாவிட்டால் அதற்காகவே விசா மறுக்கப்படும். 'ஒரு வாரண்ட் எடுத்துத் தரவா?' என்று கேட்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஊர்க்காரர் கடிதம் தருவதாக இருந்தால், அவர் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் தன் வார்த்தையில் எழுதட்டும். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் 'அன்று இரவு ஒன்பது மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது, கதவைத் திறந்தேன், மூன்று பேரைப் பார்த்தேன்' என்று எழுதிய ஐந்து வரி போதும்.

இங்கே குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால் பொலிஸ் நிலையத்துக்கோ வேறு அரச அலுவலகத்துக்கோ போய்ப் பிரதி கேட்காதீர்கள். ஏன் எடுக்க முடியவில்லை என்று பிள்ளை விளக்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

வாக்குமூலம்: தைப்பூசத்தைத் திகதியாக்குவது

தீர்ப்பாயத்துக்குப் புதிய வாக்குமூலம் கொடுப்பது வழக்கம். அதிகாரியிடம் சொல்லாத புதிய விஷயத்தை இப்போது சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்பதற்கு நியாயமான காரணம் இல்லாதபோது தீர்ப்பாயம் அதை உங்களுக்கு எதிராகவே எடுக்கச் சட்டம் சொல்கிறது. வெட்கம், பாலியல் வன்முறை, மொழிபெயர்ப்பாளர் நம் ஊர்க்காரர் என்ற பயம் எல்லாம் காரணமாகலாம். காரணத்தை அதே பந்தியில் எழுதுங்கள்.

நம் ஆட்களுக்குத் திகதி நினைவிருக்காது, திருவிழா நினைவிருக்கும். 'காமன் கூத்து நடந்த வாரம்', 'தேர் வந்ததுக்கு அடுத்த பௌர்ணமி', 'தீபாவளி முற்பணம் கொடுத்த நாள்'. இதை அப்படியே வைத்துக்கொண்டு பழைய காலண்டரில் தேடி நாளைக் கண்டுபிடியுங்கள். நிச்சயமில்லை என்றால் '2019 மாசி மாத இறுதி, காமன் கூத்து நடந்த நாட்களில்' என்று எழுதினால் போதும். தெரியாத திகதியை அழுத்தமாகச் சொல்லி, பிறகு பொலிஸ் பிரதியில் வேறு திகதி இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டாயம் பதில் எழுத வேண்டிய கேள்விகள் சில. பொலிஸ் தேடியது என்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சொந்தக் கடவுச்சீட்டில் எப்படி வெளியேறினீர்கள்? மாணவர் விசாவில் வந்து இரண்டு வருடம் கழித்து ஏன் பாதுகாப்புக் கேட்டீர்கள்? இடையில் அக்காவின் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துபோனது ஏன்? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் கிடைப்பது அரிது. வழக்கு நடக்கும்போது இலங்கைக்கு வராதீர்கள்; பாட்டி செத்தாலும் வராதீர்கள். படகில் போனவர்களுக்கு, சட்டவிரோதமாக வெளியேறியதற்குத் தண்டனை வரும் என்பது மட்டும் பொதுவாக வழக்கை வெல்லாது. அது எல்லாருக்கும் பொதுவான சட்டம் என்றே பார்க்கிறார்கள்.

அவுஸ்திரேலிய வெளிவிவகார அமைச்சு இலங்கை பற்றி வெளியிடும் நாட்டு அறிக்கையைத் தீர்ப்பாயம் கட்டாயம் கருத்தில் எடுக்கும். அதை வாசித்து, உங்கள் வழக்குக்கு எதிராக இருக்கும் பந்திகளுக்கு வேறு நம்பகமான அறிக்கைகளால் பதில் சொல்வது வழக்கறிஞரின் வேலை. பணம் இல்லாதவர்களுக்கு மெல்பேர்னில் அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர், ரெஃபியூஜி லீகல், சிட்னியில் ரெஃபியூஜி அட்வைஸ் அண்ட் கேஸ்வொர்க் சேவிஸ் போன்றவை இலவசமாக உதவுகின்றன. கூட்டம் அதிகம், கடிதம் வந்த நாளிலேயே கூப்பிடுங்கள். பணம் வாங்கும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். நகையை அடகு வைத்த பிறகு பார்ப்பதில் பலன் இல்லை.

விசாரணை நாள்

காத்திருப்பு நீளும், சிலருக்கு வருடக்கணக்கில். அதற்குள் வீடு மாறினால், நம்பர் மாறினால் தீர்ப்பாயத்துக்கு அறிவியுங்கள். விசாரணைக்கு அழைத்தும் போகாவிட்டால் வழக்கையே தள்ளிவிடலாம்; மீண்டும் எடுக்கச் சொல்வதற்கும் ஒரு கெடு உண்டு.

பாதுகாப்பு வழக்கு விசாரணை மூடிய அறையில் நடக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு உறுப்பினர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இருக்கமாட்டார். கேள்வி கேட்பவர் உறுப்பினரே. பகவத் கீதையிலோ பைபிளிலோ குர்ஆனிலோ சத்தியம் செய்யலாம், உறுதிமொழியும் எடுக்கலாம். மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாகத் தரும். 'தமிழ்' என்று மட்டும் குறிக்காமல் இலங்கைத் தமிழ், முடிந்தால் மலையகப் பேச்சு தெரிந்தவர் என்று கேளுங்கள். பெண்ணோ ஆணோ வேண்டும் என்பதையும் எழுதலாம்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், தோட்டத்துத் தமிழ் தனி. ஒரு நேர்காணல் எழுத்துப்படியில் பையன் சொன்னது: "கணக்கப்பிள்ளை எனக்குப் பேர் போடல." மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னது: கணக்காளர் என் பெயரை எழுதவில்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்பவர் வேலையை மேற்பார்க்கும் ஆள். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அவன் சொன்னது, நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு கூலி பதியவில்லை என்று. அடுத்த வரியில் "மலைக்குப் போறப்ப மறிச்சாங்க" என்றான். அது மலையேறப் போனபோது என்று ஆகிவிட்டது. கொழுந்து மலைக்கு, அதாவது வேலைக்குப் போகும் வழி அது. அதிகாரி கேட்டார்: அன்று நீங்கள் ஏன் மலையேறப் போனீர்கள்? பையன் விழித்தான். அந்த விழிப்பைத் தீர்மானத்தில் 'தயக்கம்' என்று எழுதியிருந்தார்கள்.

ஆகவே விசாரணையில் துரை என்றால் தோட்ட முகாமையாளர், காம்பரா என்றால் லயத்தில் எங்கள் வீடு, பெரட்டு என்றால் காலையில் ஆள் சேர்க்கும் இடம் என்று நீங்களே விரித்துச் சொல்லுங்கள். இந்தச் சொற்களை ஒரு பட்டியலாக வாக்குமூலத்தின் கடைசியில் ஒட்டிக் கொடுத்த ஒரு வழக்கறிஞரை எனக்குத் தெரியும்; நல்ல பழக்கம். மொழிபெயர்ப்பாளர் சொன்னது விளங்காவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். தலையாட்டாதீர்கள். நம் ஊரில் பெரியவர் பேசும்போது தலையாட்டுவது மரியாதை. அங்கே அது 'ஆம்'.

உறுப்பினர் உங்களுக்கு எதிரான தகவலை எடுத்துவைத்து, இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார். அது முடிவெடுத்துவிட்டதன் அடையாளம் அல்ல, சட்டம் அவரை அப்படிக் கேட்கச் சொல்கிறது. உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் எழுத்தில் பதிலளிக்க அவகாசம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

இங்கிருந்து அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ தொலைபேசியில் சாட்சி சொல்லும்படி கேட்கலாம். சிட்னியில் காலை ஒன்பதரை என்றால் இங்கே விடியற்காலை ஐந்து. அவர்களுடைய கோடை நேரத்தில் நாலு. லயத்தில் சிக்னல் கிடைக்காது. மஸ்கெலியாப் பக்கத்து ஒரு தாய், மகனின் விசாரணை நாளில் மூன்றரைக்கே எழுந்து, டோர்ச் அடித்துக்கொண்டு, கோவில் மேட்டுக்கு ஏறி, குளிருக்குக் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அழைப்பு ஆறு மணிக்குத்தான் வந்தது. ஃபோனில் சார்ஜ் இருந்ததா என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு ஃபோனையும் கொண்டு போனேன் தம்பி" என்றார். சாட்சி சொல்பவரிடம் பதிலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போதும்.

தீர்மானம் வந்த பின்

வென்றால் பெரும்பாலும் தீர்ப்பாயம் நேரடியாக விசாவைக் கொடுப்பதில்லை. இவருக்குப் பாதுகாப்புத் தேவை என்ற பணிப்புடன் வழக்கைத் திணைக்களத்துக்குத் திருப்பி அனுப்பும். மருத்துவம், நடத்தை, பாதுகாப்புச் சோதனைகள் முடிந்தபின் விசா வரும். 866 நிரந்தர விசா. இதற்கும் மாதங்கள் போகும். அதற்குள் ஊரில் விருந்து வைத்து, முகநூலில் படம் போட வேண்டாம்.

தோற்றால், தீர்ப்பாயத்தின் முடிவில் சட்டப்பிழை இருக்கிறதா என்று பெடரல் சர்க்யூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். அது கதையை மறுபடி கேட்காது. தீர்ப்பாயம் சட்டப்படி நடந்ததா என்பதை மட்டும் பார்க்கும். கதை நம்பப்படவில்லை என்ற மனவருத்தம் அங்கே காரணமாகாது. அமைச்சரைத் தலையிடக் கேட்கும் வழியும் உண்டு. அமைச்சர் தலையிடக் கடமைப்பட்டவர் அல்ல, தலையிடுவதும் அரிது. நீதிமன்றம் போவதானால் பிரிட்ஜிங் விசாவைத் தனியாகக் கவனியுங்கள்.

நீதிமன்றத்துக்கு 35 நாள். இந்த முறை எண்ணிக்கை கடிதம் கிடைத்த நாளிலிருந்து அல்ல, தீர்மானத்தில் போட்டிருக்கும் திகதியிலிருந்து தொடங்கும்.